சோப்புக் கொப்பரையும் அதன் குற்றங்களும்



ஒரு தொழிலின் வரலாற்றைக் கூறப் புகுவோர், அதன் வெற்றிகளை வரிசையாக எடுத்துரைப்பதே வழக்கம். யார் முதலிற் செய்தார், எவர் பெரிய ஆலை கண்டார், எவ்வளவு பொருள் ஈட்டினார் என்று அவ்வரலாறு நடக்கும். நான் இன்று சோப்புத் தொழிலைப் பற்றிப் பேச முற்படுகிறேன். ஆனால் அதன் வெற்றிகளைக் கடைத்தெருவிலே நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். ஆகவே அதன் குற்றங்களைப் பற்றிச் சொல்லலாம் என்று கருதினேன். உறையாத சோப்பு, வியர்க்கும் சோப்பு, நாற்றமெடுக்கும் சோப்பு, நுரைக்க மறுக்கும் சோப்பு, துவைப்பவர் கையைப் புண்ணாக்கும் சோப்பு என்று கொப்பரையிலே தோன்றிய குற்றங்கள் பல. இக்குற்றங்களுள் ஒன்றுக்கு நானே காரணமாயிருந்தேன். அதனையும் உரிய இடத்திற் கூறுகிறேன்.

சோப்பு என்பது கொழுப்பும் காரமும் கூடிப் பிறப்பது. எண்ணெயும் நீரும் ஒட்டா. ஆயினும் காரநீரை எண்ணெயோடு சேர்த்துக் கலக்கினால் இரண்டும் தம் இயல்பை இழந்து புதியதொரு பொருளாகின்றன. இலங்கைத் தமிழர் இதனைச் சவர்க்காரம் என்றே இன்றும் வழங்குகின்றனர். நம் நாட்டில் ஆடை வெளுப்போர் உவர்மண்ணைக் கொண்டும், தலை முழுகுவோர் சீயக்காயைக் கொண்டும், பட்டுத் துவைப்போர் பூந்திக்கொட்டையைக் கொண்டும் காரியம் முடித்தனர். உவர்மண்ணிலே இருப்பது காரம். அது துணியிலுள்ள எண்ணெய்ப்பசையோடு கூடித் துணியின்மீதே சிறிது சோப்பை உண்டாக்குகிறது. ஆகவே நம்மவர் சோப்புக் கட்டியைச் செய்யவில்லையேயன்றிச் சோப்பின் தொழிலை அறியாதவர் அல்லர்.

மேனாடுகளிலே பழங்காலத்தில் சோப்புச் செய்தோர் மரச்சாம்பலை நீரிற் கரைத்து வடித்து, சுண்ணாம்பிட்டு அதனைக் கூர்மையாக்கிக் கொண்டனர். அந்நீரின் வலிமையை அளப்பதற்குக் கருவி எதுவும் இல்லை. ஒரு முட்டையை அதில் இடுவர். முட்டை மூழ்கினால் நீர் வலுவற்றது. மிதந்து மேற்புறம் சிறிதளவு தோன்றினால் போதுமானது. அடுத்து, கொப்பரையிலுள்ள சோப்பு வெந்ததா என்று பார்ப்பதற்கு நாவே கருவி. கைதேர்ந்த தொழிலாளி ஆறிய சோப்புத் துணுக்கை நாநுனியில் வைத்துப் பார்ப்பான். சுரீரென்று கடித்தால் காரம் மிகுதி. ஒன்றும் தெரியாவிடில் காரம் குறைவு. இம்முறையைக் கேட்டு நகைக்க வேண்டா. இது பல தலைமுறைகளாக நன்றாகவே பயன்பட்டது. அதிற் குறை ஒன்றே: அத்தொழிலாளி இறந்தால் அவனுடைய நாவும் அவனோடு போய்விடும்.

முதற் குற்றம், சோப்பு உறையாமை. மரச்சாம்பற் காரத்தாற் செய்த சோப்பு களிபோல் நெகிழ்ந்தே இருக்கும். கடற்கரைச் செடிகளை எரித்தெடுத்த சாம்பலாற் செய்தது கட்டியாக இறுகும். மரச்சாம்பல் ஒன்றே கிடைத்த நாட்டினர், நெகிழ்ந்த சோப்பிலே கறியுப்பை வாரியிட்டுக் காய்ச்சினால் கட்டியாகும் என்பதைத் தற்செயலாகக் கண்டுகொண்டனர். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. பிரான்சு நாட்டின் துஹாமெல் து மோன்சோ என்பவர், உப்பிலும் கடற்செடிச் சாம்பலிலும் இருக்கும் காரம் ஒன்றே, மரச்சாம்பலில் இருப்பது வேறொன்று என்று 1736இல் நிறுவினார். உப்பிலுள்ள சோடியம் கொப்பரையிலே பொட்டாசியத்தின் இடத்தைப் பற்றிக்கொள்வதே அத்தற்செயலின் இரகசியம். கொப்பரைக்காரர் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்ததை அறிஞர் பின்னர் வந்து விளக்கினார். இத்தொழிலின் வரலாற்றில் இது பலமுறை நிகழ்கிறது.

பிழை நேராமற் காக்க வேறு வழி அறியாத காலத்தில் அரசர்கள் சட்டத்தின் துணையை நாடினர். பதினான்காம் லூயி மன்னரின் ஆட்சியில் 1688ஆம் ஆண்டு பிறந்த ஆணை ஒன்று புகழ்பெற்றது. மார்செய் நகரைச் சார்ந்த பகுதியிற் செய்யப்படும் சோப்புக்கு ஒலிவ எண்ணெயைத் தவிர வேறு கொழுப்புச் சேர்த்தல் ஆகாது; ஜூன், ஜூலை, ஆகஸ்டு ஆகிய மூன்று மாதங்களும் கொப்பரைகள் எரியவே கூடாது என்பன அதன் விதிகள். கோடையின் வெம்மையில் சோப்பின் தரம் கெடுகிறது என்பது காரணம். ஆண்டில் ஒன்பது மாதம் வெயில் காயும் நம் ஊரிலே அவ்வாணை நடந்திருந்தால் சோப்புக்காரர் கதி என்னாகும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இங்கிலாந்திலே நிகழ்ந்தது இதனினும் வேடிக்கையானது. முதலாம் சார்லசு மன்னர் வெஸ்ட்மின்ஸ்டர் சோப்பு வணிகர் குழு ஒன்றுக்குத் தனியுரிமை வழங்கினார். பழைய வணிகர் கொதித்தெழுந்தனர். புதிய சோப்பு துணியை அரிக்கிறது, துவைக்கும் பெண்டிரின் கையைக் கொப்புளிக்கச் செய்கிறது என்று ஊரெங்கும் பேச்சு. வழக்கைத் தீர்க்க 1633ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் நகர மன்றத்திலே சலவைப் பெண்கள் இருவரை வரவழைத்து, இருவகைச் சோப்பையும் கொடுத்துப் பலர் முன்னிலையில் துவைக்கச் செய்தனர். புதிய சோப்பே சிறந்தது என்று தீர்ப்பாயிற்று. மக்களோ அதை நம்பவில்லை. ஒருமுறை துவைத்துப் பார்ப்பதில் துணியின் வெண்மை தெரியும். கை புண்ணாவது மாதக் கணக்கில் துவைப்பவளுக்கன்றோ தெரியும்? அவளைக் கேட்டார் இல்லை.

பின்னர் 1712 முதல் அந்நாட்டில் சோப்புக்கு வரி விதித்தனர். வரி ஏய்ப்பைத் தடுக்க இரவிலே கொப்பரைகளின் மூடிகளைப் பூட்டி வைத்தனர். காய்ச்சிக் கொண்டிருக்கும் பொருள் நள்ளிரவில் கெட்டாலும் மூடியைத் திறந்து பார்க்க இயலாத அத்தொழில் எப்படி வளரும்? 1853இல் கிளாட்ஸ்டன் அவ்வரியை நீக்கிய பிறகே அங்குச் சோப்புத் தொழில் தங்குதடையின்றி வளர்ந்தது.

காரத்துக்குச் சாம்பலையே நம்பியிருந்த நிலையை மாற்றியவர் நிக்கோலா லெப்லாங் என்னும் பிரெஞ்சு மருத்துவர். கறியுப்பிலிருந்து சோடாக் காரம் எடுக்கும் முறையைக் கண்டு 1791இல் உரிமம் பெற்றார். அவருக்குப் பொருளுதவி செய்த ஆர்லியன்சுக் கோமகன் 1793இல் கில்லட்டினுக்கு இரையானார். ஆலையைப் புரட்சி அரசு பறித்துக்கொண்டது. திரும்பக் கிடைத்தபோது அதை நடத்தக் கையிற் பொருள் இல்லை. 1806இல் லெப்லாங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய முறை மட்டும் ஐரோப்பா எங்கும் பரவியது. அவ்வாலைகளிலிருந்து எழுந்த ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை சுற்றியிருந்த பயிர்களைக் கருக்கியது. அதைத் தடுக்க இங்கிலாந்து 1863இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. எர்னஸ்ட் சால்வேயின் அம்மோனியா முறை வந்து அப்பழைய முறையை மெல்ல ஓட்டிற்று.

காரம் மலிவாகக் கிடைத்தது. ஆனால் எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு காரம் என்ற கேள்விக்கு விடை இல்லை. அதற்கு வழி வகுத்தவர் மிஷேல் யூஜின் ஷெவ்ருல். 1786இல் பிறந்து 1889 வரை நூற்றிரண்டு ஆண்டு வாழ்ந்த பெரியார் அவர். 1811ஆம் ஆண்டு, துணியாலை ஒன்றிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்த பன்றிக்கொழுப்புச் சோப்பு அவர் கைக்குக் கிடைத்தது. அதனை நீரிற் கரைத்து வைத்தபோது முத்துப் போல் மின்னும் படிகங்கள் படிந்தன. வேறொருவராயின் அதைக் கழுவிக் கொட்டியிருப்பர். ஷெவ்ருல் பன்னிரண்டு ஆண்டுகள் அதன் பின்னே சென்றார். கொழுப்பு என்பது தனிப்பொருள் அன்று, கொழுப்பமிலங்களும் கிளிசரினும் பிணைந்த கூட்டு. காரம் அப்பிணைப்பை அறுத்து அமிலங்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அச்சேர்க்கையே சோப்பு என்று 1823இல் வெளியான தம் நூலில் நிலைநாட்டினார். அவர் கையிலிருந்த பேராயுதம் தராசு. நூறு பங்கு கொழுப்பிலிருந்து கிடைத்த அமிலத்தையும் கிளிசரினையும் கூட்டினால் நூற்றுக்கு மேல் நிற்கும். அம்மிகுதி, பிணைப்பு அறும்போது வந்து சேர்ந்த நீரின் எடை. இத்தகைய நுட்பங்களையெல்லாம் நிறுத்தறிந்த பிறகே நாவின் ஆட்சி முடிவுற்றது.

ஒவ்வோர் எண்ணெயும் குறிப்பிட்ட அளவு காரத்தையே உண்ணும். அவ்வளவைக் காணும் முறையை 1879இல் கோட்ஸ்டார்ஃபர் என்பவர் வகுத்தார். அவர் தேடியது சோப்பை அன்று. வெண்ணெயிலே பிற கொழுப்புக் கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கவே அவர் முயன்றார். அதிலிருந்து பிறந்த எண் சோப்புக்காரனுக்கு வேதமாயிற்று. ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்குத் தூய காஸ்டிக் சோடா ஏறக்குறைய 183 கிராம் வேண்டும். கடலையெண்ணெய்க்கு 136 கிராம் போதும், ஆமணக்கெண்ணெய்க்கு 128. எண்ணெய் விலை ஏறிற்றே என்று தேங்காயெண்ணெய்க்குப் பதில் கடலையெண்ணெயை ஊற்றிக் காரத்தை முன்போலவே இட்டால், கிலோவுக்கு 47 கிராம் காரம் எவ்வேலையுமின்றிக் கட்டிக்குள் தங்கிவிடும். அது தனக்கு வேண்டிய கொழுப்பைத் துவைப்பவருடைய தோலிலே தேடிக்கொள்ளும்.

இவ்வுண்மைகளையெல்லாம் நான் கல்லூரியிலே படித்து, தேர்விலே எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன். 1971ஆம் ஆண்டு, என் இருபத்திரண்டாம் வயதில், ஒரு சிற்றூரில் இருந்த சிறு சோப்புப் பட்டறையிலே வேலைக்கு அமர்ந்தேன். ஓர் ஈட்டுக்கு நாற்பது கிலோ தேங்காயெண்ணெய். கணக்குப்படி 7.3 கிலோ காஸ்டிக் சோடா வேண்டும். தோலுக்கு இதமாயிருக்கச் சிறிது எண்ணெய் மிஞ்சட்டும் என்று ஏழு கிலோ இட்டு வந்தோம். சில மாதம் நன்றாகவே நடந்தது. பின் மழைக்காலம் வந்தது. கட்டிகள் இறுகவில்லை, அழுத்தினால் விரல் பதிந்தது, மேலே எண்ணெய் மினுமினுத்தது. காரம் போதவில்லை என்று தெரிந்துகொண்டேன். ஏன் போதவில்லை என்று கேட்கவில்லை. ஏழு கிலோவை எட்டாக்கினேன். சோப்பு இறுகிற்று. குறிப்பேட்டில் ஏழை அடித்து எட்டு என்று எழுதி, ஒரு சிக்கலைத் தீர்த்த பெருமிதத்தோடு இருந்தேன்.

நடந்தது இதுதான். காஸ்டிக் சோடா இருந்த தகரப் பீப்பாயின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. அச்சரக்குக் காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஆவலோடு உறிஞ்சுவது. மழைக்காற்று பட்டுப் பட்டுக் காரத்தின் ஒரு பகுதி நீராலும் சலவைச் சோடாவாலும் நிரம்பிவிட்டது. நான் நிறுத்த எட்டு கிலோவிலே உண்மைக் காரம் ஏழு கிலோவே. அப்பீப்பாய் தீர்ந்தது. புதிய பீப்பாய் வந்தது. செதில் செதிலாய் உலர்ந்த புதுச்சரக்கு. நான் குறிப்பேட்டைப் பார்த்தேன், எட்டு என்று இருந்தது, எட்டு நிறுத்தேன்.

அன்று வார்த்த கட்டிகளைப் போல அழகிய கட்டிகளை அப்பட்டறை முன்னர்க் கண்டதில்லை. பால்போல் வெண்மை, தட்டினால் ஓசை எழும் உறுதி. சந்தையில் இரண்டே நாளில் விற்றுப்போயின. அக்கட்டிகளில் நூற்றுக்கு ஒரு பங்களவு காரம் கூடாமல் நின்றிருந்தது.

பத்து நாள் கழித்து, அவ்வூரிலே ஆடை வெளுக்கும் மூதாட்டியார் ஒருவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். இரு கைகளையும் விரித்துக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து, உள்ளங்கை வெடித்துக் குருதி கசிந்திருந்தது. "தம்பி, ஒங்க சோப்பு நல்லாத்தான் வெளுக்குது, கையையும் சேத்து வெளுத்துடுச்சு" என்றார். வசை ஒன்றும் கூறவில்லை. ஊரார் துணியை நிறுத்தி வைக்க முடியாது ஆதலால், ஏழாம் வகுப்பிலே படித்துக்கொண்டிருந்த பேத்தி பள்ளிக்குப் போகாமல் துறைக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்பதைப் பிறர் சொல்லக் கேட்டேன். இலண்டன் நகர மன்றத்துப் பரீட்சையைப் பற்றி நான் பிற்காலத்தில் படித்தபோது, அக்கைகளே என் கண்முன் வந்தன.

விற்ற கட்டிகளிலே மீட்க முடிந்தவற்றை மீட்டோம். அவற்றைச் சீவி, நீர் தெளித்து உருக்கி, மிகுந்த காரம் உண்ணும் அளவுக்கு எண்ணெய் ஊற்றி மறுபடி காய்ச்சினோம். அவ்வம்மையாரின் கூலியைப் பட்டறைக் கணக்கிலிருந்து இரண்டு மாதம் கொடுத்தார்கள். பேத்தி மீண்டும் பள்ளிக்குச் சென்றாள். ஆயினும் அவ்வாண்டுத் தேர்வு கடந்துவிட்டது. பீனால்ப்தலீன் என்றொரு மருந்து உண்டு. சாராயத்திலே கரைத்த அதன் ஒரு துளியைச் சோப்பின் புதுவெட்டில் விட்டால், கூடாத காரம் இருப்பின் செந்நிறம் பளிச்சென்று தோன்றும். அதனை அடால்ஃப் பேயர் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் 1871இலேயே ஆக்கியிருந்தார். நூறாண்டு கழித்து, அம்மருந்துக் குப்பி என் பட்டறை அலமாரியிலேயே இருந்தும், நான் அதைத் திறக்கவில்லை.

இஃதிருக்க, மழைக்காலச் சோப்புக்கு மற்றொரு நோயும் உண்டு. கட்டியின்மேல் முத்து முத்தாக நீர் அரும்பும். வாங்குவோர், நீர் கலந்து ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரோடு வழக்கிடுவர். உண்மையில் அது கிளிசரினின் வேலை. சுவீடன் நாட்டு ஷீலே 1779இல் கண்ட இவ்வினிப்பு நீர்மம் காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுக்கும். கொதிக்கவைத்து உப்பிட்டுச் சோப்பைப் பிரிக்கும் பெரிய ஆலைகளிலே கிளிசரின் அடிநீரோடு போய்விடும். காய்ச்சாமல் கலக்கி வார்க்கும் சிறு பட்டறைச் சோப்பில் அது முழுவதும் தங்கும். தோலுக்கு அது நன்மையே. கட்டியைக் காகிதத்திற் சுற்றி உலர்ந்த இடத்தில் வைத்தால் இக்குறை அடங்கும். அடிநீரை ஆலைக்காரர் முன்னாளில் சாக்கடையிலே விட்டனர். 1867இல் ஆல்பிரட் நோபல் டைனமைட்டுக்கு உரிமம் பெற்ற பிறகு, கிளிசரின் அதன் மூலப்பொருள் ஆனமையால், அடிநீர் திடீரென்று செல்வமாயிற்று. சோப்புக் கொப்பரைக்கும் வெடிமருந்துச் சாலைக்கும் இப்படியோர் உறவு!

நாற்றம் என்னும் குற்றத்துக்கு வருவோம். எண்ணெயிலே நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் மிகுந்திருந்தால் காற்றுப்பட்டு அவை சிக்குவாடை கொள்ளும். கட்டியின்மேல் செம்பொட்டுகள் தோன்றும். இரும்போ செம்போ இம்மியளவு கலந்திருந்தாலும் அச்செயல் விரைவுறும். ஆகவே காரநீரைச் செப்புப் பாத்திரத்தில் கரைக்கும் வழக்கம் எவரிடமேனும் இருந்தால் விட்டுவிடுக.

இக்குற்றத்தோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்றதொரு முயற்சி நம்முடைய பழைய சென்னை மாகாணத்திலேயே நடந்தது. மேற்குக் கடற்கரையிலே மத்தி மீன் மலைபோல் குவியும். அதன் எண்ணெயை வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும் என்று மாகாண மீன்துறையை வளர்த்த சர் பிரடெரிக் நிக்கல்சன் விரும்பினார். மலபார்க் கரையிலுள்ள தானூரில் மீனெண்ணெய்ச் சோப்பு செய்யப்பட்டது. அது பயிர்ப்பூச்சிகளைக் கொல்லத் தோட்டங்களிலே தெளிக்கப்பட்டது. ஆனால் மனிதர் மேனிக்கு ஆகவேண்டுமானால் அம்மீன்நாற்றம் தீர வேண்டுமே! மீனெண்ணெயின் அமிலங்களோ நிறைவுறாத் தன்மையில் தலைசிறந்தவை. எவ்வளவு வாசனை ஊட்டினாலும் சில வாரத்தில் மீன் தலைகாட்டும். ஜெர்மனியின் வில்லெம் நார்மன் 1902இல் உரிமம் பெற்ற முறைப்படி நிக்கல் துணைகொண்டு எண்ணெயிலே ஹைட்ரஜனை ஏற்றி நிறைவுறச் செய்வதே அந்நோய்க்கு மருந்து. கோழிக்கோட்டிலே 1914இல் எழுந்த கேரள சோப்பு நிலையம் இம்முயற்சிகளின் வழிவந்தது. மலபார் நாட்டுக்கு அருகிலே கிடைத்த தேங்காயெண்ணெய் அந்நிலையத்துக்குப் பெருந்துணையாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், முதல் உலகப் போரினால் சந்தனக்கட்டை ஐரோப்பாவுக்குப் போக வழியின்றித் தேங்கிக் கிடக்க, மைசூர் அரசு 1916இல் சந்தன எண்ணெய் வடிக்கத் தொடங்கி, அதனைச் சோப்பிலே சேர்க்கவும் முற்பட்டது. ஒரு கரையிலே நாற்றத்தை ஓட்டப் பாடு. மறுபுறம் நறுமணத்தை எங்கே வைப்பது என்று பாடு.

குற்றமே குணமான கதை ஒன்றையும் கூறிவிடுகிறேன். நீரில் மிதக்கும் ஐவரி சோப்பு அமெரிக்காவிலே 1879இல் வெளிவந்தது. தொழிலாளி ஒருவன் கலக்கும் இயந்திரத்தை நிறுத்த மறந்து உண்ணப் போய்விட்டான், காற்றுப் புகுந்து சோப்பு மிதந்தது, மக்கள் அதையே விரும்பினர் என்பது நெடுங்காலம் வழங்கிய கதை. 2004இல் அக்குழுமத்தின் பழஞ்சுவடிகளை ஆராய்ந்தபோது, அதன் நிறுவனர் மகன் ஜேம்ஸ் கேம்பிள் 1863ஆம் ஆண்டே மிதக்கும் சோப்பை வேண்டுமென்றே செய்து பார்த்துக் குறித்து வைத்திருந்தது வெளியாயிற்று. தற்செயற் கதையை மக்கள் விரும்பக் காரணம் உண்டு. நாம் செய்யும் பிழைகளும் ஒருநாள் பொன்னாகும் என்ற நப்பாசைதான்.

முகப்பூச்சு வகைகளைப் பற்றியும் ஒரு சொல். கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே காலன் என்னும் கிரேக்க மருத்துவர் தேன்மெழுகையும் எண்ணெயையும் பன்னீரையும் குழைத்துக் குளிர்ச்சியான பூச்சு ஒன்று செய்ததாகக் கூறுவர். அழகிய பூச்சு, ஆனால் சில நாளில் நீர் தனியே பிரிந்துவிடும். பதினேழு நூற்றாண்டாக இக்குறையை யாரும் முற்றும் தீர்க்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வெண்காரம் சேர்த்தனர், பூச்சு நிலைத்தது. வெண்காரத்திலுள்ள காரமும் மெழுகிலுள்ள அமிலமும் கூடிப் பூச்சுக்குள்ளேயே சிறிதளவு சோப்புப் பிறக்கிறது. அச்சோப்பு எண்ணெயை ஒரு கையாலும் நீரை மறு கையாலும் பற்றிக்கொண்டு பிரியவொட்டாமல் தடுக்கிறது. எதற்கு எப்பிணைப்பான் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்க, 1949இல் வில்லியம் கிரிஃபின் என்பவர் எண் வரிசை ஒன்றை வகுத்தார். எண்ணெயை நாடும் பிணைப்பானுக்குச் சிறிய எண். நீரை நாடுவதற்குப் பெரிய எண். பூச்சு பிரிகிறதா? இன்னும் வேகமாகக் கலக்குவதற்கு முன் அவ்வெண்ணைப் பார்ப்பது நலம்.

எஞ்சியிருப்பது நீரின் குற்றம். உவர்க்கிணற்று நீரிலே சோப்பைத் தேய்த்தால் நுரை வராமல் தயிர்த்திரி போல் அழுக்குத் திரள்வதை நம்மவர் யாவரும் அறிவர். நீரிலுள்ள சுண்ணமும் மக்னீசியமும் சோப்பைக் கரையாப் பொருளாக்கிவிடுகின்றன. அபர்டீன் நகரத்துப் பேராசிரியர் தாமஸ் கிளார்க், அளந்த சோப்பு நீரைக் குப்பியிலிட்டுக் குலுக்கி, எப்போது நுரை நிலைக்கிறதோ அதைக் கொண்டே நீரின் கடினத்தை அளந்தார். சுண்ணாம்பைக் கொண்டே நீரிலுள்ள சுண்ணத்தைப் படியவைக்கும் முறைக்கு 1841இல் உரிமமும் பெற்றார். முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுவே.

நீரைத் திருத்துவது ஒரு வழி; சோப்பையே மாற்றுவது மற்றொன்று. முதல் உலகப் போரில் கொழுப்புக்குப் பஞ்சம் வந்தபோது ஜெர்மனியர் செயற்கைத் தூய்மிப் பொருள்களை ஆக்கத் தொடங்கினர். அவை சுண்ண நீரிலும் கரைந்தன. ஆனால் பருத்தித் துணியின் கொடிய அழுக்கை அகற்றவில்லை. டேவிட் பயர்லி என்னும் அமெரிக்க வேதியியலார் பல ஆண்டு, மேலோர் ஊக்கம் குன்றிய பின்னும், இதனோடு போராடினார். தூய்மிப் பொருளை மிகுதியாகவும் அதற்குத் துணையாகிய பாஸ்பேட்டைக் குறைவாகவும் சேர்ப்பதே அனைவரும் கண்ட முறை. அவர் அவ்விகிதத்தைத் தலைகீழாக்கினார், துணையை மிகுத்தார். 1946இல் டைடு என்னும் தூள் பிறந்தது.

அத்தூள்களின் குற்றம் வீட்டில் தெரியவில்லை, ஆற்றிலே தெரிந்தது. கிளைத்த அமைப்புடைய அத்தூய்மிகளை நுண்ணுயிர்களால் தின்ன முடியவில்லை. 1950களில் மேனாட்டு ஆறுகளின் மதகுகளிலே நுரை ஆளுயரம் எழுந்து நின்றது. ஜெர்மனி 1961இல் இயற்றிய சட்டம் 1964இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க ஆலைகள் 1965இல் கிளையற்ற நேர்ச்சங்கிலித் தூய்மிகளுக்கு மாறின. நுரை அடங்கிற்று. பின்னர்ப் பாஸ்பேட்டினால் ஏரிகளிலே பாசி மண்டியது. அதற்கும் மாற்றுத் தேடினர்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூரின் மகளிர் சுய உதவிக் குழுவினர் என்னை அழைத்திருந்தனர். தாங்கள் வார்க்கும் கட்டிகளின்மேல் வெண்பூசணம் போல் ஏதோ படிகிறது, சரக்குக் கெட்டுவிட்டதோ என்று அஞ்சினர். தொட்டுப் பார்த்தேன், பொடியாய் உதிர்ந்தது. பூசணம் அன்று; புதுக்கட்டியின் மேற்பரப்பிலே காரம் காற்றின் கரியமில வாயுவோடு கூடி உண்டான சலவைச் சோடா. வார்த்தவுடன் காகிதத்தால் மூடி வைத்தால் தோன்றாது, தோன்றியதைச் சீவிவிடலாம் என்றேன். ஆயினும் ஒரு கட்டியை நடுவே அறுத்து, கொண்டுபோயிருந்த குப்பியிலிருந்து ஒரு துளி விட்டேன். நிறம் மாறவில்லை. அவர்களுள் ஒரு பெண், "எங்க பீப்பாய எப்பத் தொறந்தோம்னு எழுதி வெச்சிருக்கோம் ஐயா, வந்து பாருங்க" என்று உள்ளே அழைத்துச் சென்றாள். காஸ்டிக் சோடாப் பீப்பாயின் மூடி இறுக அடைக்கப்பட்டு, அதன்மேல் அதைத் திறந்த நாள் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது.